திருப்பி அக்கா

காகிதக் கட்டைக் கவிழ்த்துப் போட்டு, கடைசிப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறார். வலக்கை ஆள்காட்டி விரலில் பச்சை ரப்பர் உறை. அது பட்டதும் தாள் தானாக எழுந்து புரள்கிறது. உதடுகள் அசைகின்றன, எண்ணுவது பக்க எண்களை மட்டும். நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது. முப்பத்தேழு. விரல் நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வக்கீல் குமாஸ்தா, ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவரைப் போல முகத்தைச் சுருக்கிக்கொள்கிறார்.

"முப்பத்தெட்டு எங்கே?"

"இருக்கும்க்கா. ஒட்டிட்டிருக்கும்."

"ஒட்டலை. உங்க ஆபீஸ் பிடிச்சுப்போய் அங்கேயே தங்கிடுச்சு. போய்க் கூட்டிட்டு வாங்க."

ஒரு சீட்டு செருகப்படுகிறது. கட்டு ஜன்னல் வழியாகவே வெளியே வருகிறது.

உயர் நீதிமன்றத்தின் குற்றப் பிரிவில், மேல்முறையீடுகளை வாங்கும் மூன்றாம் ஜன்னலில் அவர் பரிசீலனை எழுத்தர். கீழ்நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற ஒருவர் அதை எதிர்த்து முறையிட வேண்டுமானால், அவருடைய காகிதங்கள் முதலில் இந்த ஜன்னலுக்குள் நுழைய வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் கட்டுக்கு எண் விழும். எண் விழுந்த பிறகுதான் நீதிபதியின் மேசை. ஜாமீன் மனுவும் அதற்குப் பிறகுதான். சரியில்லாவிட்டால் காரணம் எழுதிய சீட்டோடு திரும்பிப் போகும். இருபத்தாறு வருடங்களாகத் திருப்பிக்கொண்டே இருப்பதால் குமாஸ்தாக்கள் வைத்த பெயர் 'திருப்பி அக்கா'. அது அவருக்கும் தெரியும். உள் தொலைபேசியில் யாராவது யார் பேசுவது என்று கேட்டால், "மூணாம் ஜன்னல். திருப்பிதான் பேசறேன், சொல்லுங்க" என்பார்.

ஐம்பத்து மூன்று வயது. குட்டையான உருவம். ஜன்னல் உயரத்துக்கு எட்டுவதற்காக நாற்காலியில் பழைய சட்ட இதழ்கள் நான்கைப் போட்டு, மேலே ஒரு துண்டை மடித்து விரித்திருக்கிறார். "சட்டத்து மேலயே உக்காந்திருக்கீங்களேக்கா" என்று ஒரு குமாஸ்தா சொன்னதற்கு, "ரத்தான சட்டம்தான். அதான் மெத்துனு இருக்கு" என்றார்.

மேசையில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்புமாக இரு முனையும் சீவிய பென்சில். விட்டுப்போன பக்கம், இல்லாத கையெழுத்து, ஒட்டாத கட்டண வில்லை போன்றவற்றுக்கு நீல முனை. இந்த மேல்முறையீட்டைக் கேட்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற சந்தேகத்துக்கு மட்டும் சிவப்பு முனை. பென்சில் எப்போதும் நீலப் பக்கத்திலிருந்துதான் தேய்ந்து வருகிறது.

காகிதங்களில் உள்ள கதையை அவர் படிப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு கொலை வழக்கின் சாட்சியத்தில் ஆழ்ந்துபோய், மனுவில் தேதியே இல்லாததைக் கவனிக்காமல் உள்ளே அனுப்பிவிட்டார். அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் மறக்கவில்லை. "யார் யாரை வெட்டினாங்கறது ஜட்ஜுக்கு. எந்தப் பக்கம் விட்டுப்போச்சுங்கறது எனக்கு. ரெண்டையும் நான் பாத்தா ஒண்ணும் உருப்படாது" என்பார்.

சட்டம் படித்தவரல்ல. தட்டச்சராகச் சேர்ந்தவர். பிறர் எழுதியதை அடித்து அடித்துப் பிரிவுகள் மனப்பாடமாயின. அவரிடம் உள்ள நடைமுறைச் சட்டப் புத்தகம், வயிறு முட்டச் சாப்பிட்டவரைப் போல உப்பியிருக்கும். சட்டம் திருத்தப்படும்போதெல்லாம் அரசிதழில் வரும் திருத்தத்தை வெட்டி, அந்தந்தப் பிரிவுக்கு நேரே ஒட்டிவிடுவார். இளம் வக்கீல்கள் பிரதான வாசலில் கேட்கக் கூச்சப்படும் சந்தேகங்களை இங்கே வந்து கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு, "இதை நான் சொன்னேன்னு எங்கேயும் சொல்லாதீங்க. உங்க படிப்புக்கு மரியாதை இல்ல" என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். நாத்தனார் தன் மகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் கொண்டுவந்து காட்டியபோது, எல்லோரும் எழுத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஒரு இடத்தில் வட்டம் போட்டார். தேதி இருந்தது, கிழமை இல்லை. "அண்ணி, நான் ஆசீர்வாதம் வாங்க வந்தேன், ஆட்சேபம் வாங்க வரலை" என்றார் நாத்தனார். கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "கிழமையோட கொண்டுவந்திருந்தா மாப்பிள்ளை கையெழுத்து எங்கேனு கேட்டிருப்பா. நீ தப்பிச்சே" என்றார்.

அந்தச் சிவப்பு முனை ஒருமுறை நன்றாகத் தேய்ந்தது.

சில வகைக் குற்றங்களை விசாரிக்கத் தனி நீதிமன்றங்கள் உண்டு. தொடக்கத்தில் அங்கே மாவட்ட நீதிபதிகள் மட்டும் அமர்ந்தார்கள். அவர்கள் தரும் தண்டனைக்கு மேல்முறையீடு நேரே உயர் நீதிமன்றத்துக்கு வரும். பிறகு ஒரு திருத்தம் வந்து, அவர்களுக்குக் கீழ்ப்படியில் உள்ள நீதிபதிகளும் அங்கே அமரலாம் என்றது. மேல்முறையீடு எங்கே போக வேண்டும் என்று திருத்தம் சொல்லவில்லை. நான்கு வருடங்கள் எல்லாம் வழக்கம்போல உயர் நீதிமன்றத்துக்கே வந்தன. எண் விழுந்தது, விசாரணை நடந்தது, தீர்ப்பும் வந்தது.

புத்தகத்தில் பெயர்ந்து வந்திருந்த அந்தத் திருத்தத்தை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்த அன்று பிற்பகல், பசை காய்வதற்குள் அவருக்கு அது உறைத்தது. கீழ்ப்படி நீதிபதி தந்த தண்டனை என்றால் பொதுச் சட்டப்படி முதலில் மாவட்ட நீதிமன்றத்துக்கல்லவா போக வேண்டும்? கையிலிருந்த கட்டின் சீட்டில் சிவப்பில் எழுதினார்: 'இந்த மேல்முறையீடு இங்கே எப்படி ஏற்கத்தக்கது?'

வக்கீல் சண்டைக்கு வந்தார். நான்கு வருடமாக வாங்கிவிட்டு இன்றைக்கு என்ன புதிதாக என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பிரிவு அதிகாரி சீட்டைப் படித்துவிட்டு, "ஏம்மா, சும்மா போற ஓணானை..." என்று தொடங்கி, முடிக்காமல் துணைப் பதிவாளரிடம் அனுப்பினார். அங்கிருந்து நீதிபதியிடம் போயிற்று. நீதிபதி, இது மூவர் அமர்வு தீர்மானிக்க வேண்டியது என்றார். அதுவரை தனி நீதிமன்றங்களிலிருந்து வரும் இத்தகைய மேல்முறையீடுகளுக்கு எண் கொடுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. கீழ்ப்படி நீதிபதிகள் தந்த தீர்ப்புகளுக்கு மட்டும் என்று அந்த உத்தரவில் தெளிவாகவே இருந்தது. அப்படி வரும் கட்டுகள் எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால், அலமாரியின் நடுத்தட்டில் ஒரே அடுக்காகச் சேர்ந்தன. பதினோரு மாதத்தில் அறுபத்தொன்று.

அவற்றில் ஒன்றுக்காக ஒரு பெண் புதன்கிழமைதோறும் வந்தார். பெரிய மருத்துவமனையொன்றின் லாண்டரியில் வேலை; புதன் அவருக்கு விடுமுறை. சலவைச் சோடாவில் ஊறி ஊறி விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவருடைய தம்பி லாரி ஓட்டுநர். ஏற்றிய உர மூட்டைகளுக்கான காகிதம் பொய்யானது என்று பிடித்தார்கள். முதலாளி கிடைக்கவில்லை, ஓட்டுநர் கிடைத்தார். இரண்டு வருடத் தண்டனை. வக்கீல் இலவசச் சட்ட உதவியில் நியமிக்கப்பட்டவர் என்பதால் அவரைப் பிடிப்பதைவிட இந்த ஜன்னலைப் பிடிப்பது அந்தப் பெண்ணுக்குச் சுலபமாக இருந்தது.

"வந்துச்சாங்க?"

"பெரிய பெஞ்சுல இருக்கும்மா. தீர்ப்பு வந்தாதான் நம்பர்."

"ஜாமீனாவது..."

"நம்பர் இல்லாம அதுவும் போகாது."

இதைச் சொல்லும்போது அவர் மற்றவர்களிடம் பேசும் கிண்டல் குரலில் பேசுவதில்லை. ஒவ்வொரு வாரமும் அதே சொற்களை அதே வரிசையில் சொன்னார். அந்தப் பெண்ணும் தலையாட்டிவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நிற்பார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் அவரைத் தாண்டிக் கையை நீட்டுவார்கள்.

ஒரு வாரம் அந்தப் பெண் கூடுதலாக ஒன்று சொன்னார். "எங்க கேஸ மொதல்ல பாத்த ஜட்ஜு வேறங்க. அவரு லீவுல போயிட்டாரு. கடைசி மூணு வாய்தாவும் தீர்ப்பும் பெரிய ஜட்ஜு ஒருத்தரு. கார்ல ரெண்டு போலீஸோட வந்தாரு."

"நான் ஜட்ஜைப் பாக்கறதில்லம்மா. பேப்பரைத்தான் பாக்கறேன்" என்றார் அக்கா.

பதினோராம் மாதம் மூவர் அமர்வு தீர்ப்புச் சொன்னது. முப்பத்திரண்டு பக்கம். எத்தனை வருடம் கேட்டுப் பழகியிருந்தாலும் பழக்கத்தால் ஒரு நீதிமன்றத்துக்கு அதிகாரம் வந்துவிடாது. சட்டம் கொடுத்தால்தான் உண்டு. கீழ்ப்படி நீதிபதி தந்த தண்டனைக்கு மேல்முறையீடு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மாவட்ட நீதிபதியே அமர்ந்து தந்த தண்டனைக்கு மட்டும் இங்கே வரலாம். முன்பு முடிந்துபோனவை முடிந்தவையே. இப்போது நிலுவையில் உள்ளவற்றை இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். இங்கே கழிந்த காலத்தைத் தாமதமாகக் கணக்கிடக் கூடாது. ஆறாம் பத்தியில், 'பதிவகம் எழுப்பிய சரியான ஐயம்' என்று ஒரு வரி இருந்தது.

ஜன்னலில் அன்று கூட்டம். தலையில் ஒரு கண்ணாடியும் மூக்கில் ஒரு கண்ணாடியுமாகத் திரியும் மூத்த குமாஸ்தா, "அக்கா, எங்களைத் திருப்பினீங்க, சரி. கடைசியில ஹைகோர்ட்டையே திருப்பிட்டீங்களே" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அக்கா அந்த ஆறாம் பத்தியை நகலெடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டதை, பக்கத்து இருக்கைத் தட்டச்சர் பார்த்தார். கணவரிடம் காட்டியபோது அவர், "உன் பேர் எங்கே இருக்கு?" என்று கேட்டாராம். "பதிவகம்னா நான்தான்" என்று பதில்.

மறுநாள் காலை அறுபத்தொரு கட்டுகளையும் தரையில் இறக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துத் திருப்பும் முத்திரையைக் குத்தத் தொடங்கினார். முப்பத்தெட்டாவதோ முப்பத்தொன்பதாவதோ இருக்கும். வழக்கம்போலக் கவிழ்த்துப் போட்டார். கீழ்நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல். கடைசிப் பக்கத்தின் அடியில் நீதிபதியின் பதவி அடித்திருந்தது. அதன்மேல் நகல் பிரிவின் வட்ட முத்திரை, ஊதா மையில், நன்றாக அழுத்திக் குத்தப்பட்டிருந்தது.

நகலில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பதினோரு மாதத்துக்கு முன்பு பார்த்தார், இருந்தது, சரி என்று கோடு போட்டார். முத்திரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. 'நீதிபதி, தனி நீதிமன்றம்' என்ற முதல் வரி மட்டும் வட்டத்துக்கு மேலே தெரிந்தது. இப்போது தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஊதா மைக்கு அடியில் இரண்டாவது வரி. 'மாவட்ட நீதிபதி, கூடுதல் பொறுப்பு.'

மனுதாரரின் பெயரைப் பார்க்க முதல் பக்கத்துக்குப் போனார். லாரி ஓட்டுநர்.

அந்தக் கட்டு அந்த அடுக்கில் இருந்திருக்கவே கூடாது. பழைய சட்டப்படியும் அது இங்கே வர வேண்டியது. புதிய தீர்ப்புப்படியும் இங்கே வர வேண்டியது. வந்த வாரமே எண் விழுந்திருக்கும். அடுத்த வாரம் ஜாமீன் மனு நீதிபதி முன் போயிருக்கும்.

பிரிவு அதிகாரியிடம் எடுத்துப் போனார். அதிகாரி தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஓய்வுக்கு ஐந்து மாதம் பாக்கி இருக்கும் மனிதர்.

"வேற யாராவது பாத்தாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அறுபத்தொண்ணையும் கீழே அனுப்பிடுங்க. அங்கே பாத்துட்டு, இது எங்களுக்கு இல்லைனு அவங்களே திருப்பி அனுப்புவாங்க. அப்ப நம்பர் போட்டுக்கலாம். யார் மேலயும் விழாது."

"அங்கேயிருந்து வர எத்தனை நாளாகும் சார்?"

"ரெண்டு மாசம். மூணு வச்சுக்கங்க."

"அவன் உள்ள இருக்கான் சார்."

"பதினோரு மாசம் இருந்துட்டான். நீங்களும் நானும் வேணும்னா பண்ணினோம்? உங்க பேரு கண்காணிப்பாளர் ப்ரமோஷன் பட்டியல்ல மூணாவதா இருக்கு. யோசிச்சுக்கங்க."

அக்கா இருக்கைக்குத் திரும்பி, தட்டச்சரைக் கூப்பிடாமல் தானே ஒரு குறிப்பை அடித்தார். அடித்த பிறகு, பழக்கதோஷம், கடைசி வரியிலிருந்து மேலே ஒருமுறை படித்துச் சரிபார்த்தார். துணைப் பதிவாளர் அதைப் படித்துவிட்டு அவரை உட்காரச் சொன்னார். குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: 'இந்த மேல்முறையீடு பரிசீலனையில் என் கவனக்குறைவால் தவறான அடுக்கில் சேர்க்கப்பட்டது. அமர்வின் தீர்ப்புக்காக இது காத்திருக்க வேண்டிய தேவை முதல் நாளிலிருந்தே இல்லை. ஜாமீன் மனுவுடன் உடனே நீதிபதி முன் வைக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

"முதல் வரி போதுமேம்மா. ரெண்டாவது வரி எதுக்கு? அதுதான் உங்களுக்குக் கழுத்துக்கு வரும்."

"அது இல்லேன்னா அவசரம்னு எப்படி சார் காட்டறது? இதுவும் பத்தோட பதினொண்ணாப் போய் வரிசையில நிக்கும்."

துணைப் பதிவாளர் பேனாவின் மூடியைப் போட்டார், கழற்றினார், கையெழுத்திட்டார்.

மூன்றாம் நாள் கட்டு நீதிபதி முன் போயிற்று. நீதிபதி குறிப்பை இரண்டு முறை படித்தார் என்றும், அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபிக்க வாயெடுத்தபோது உட்காரும்படி கையமர்த்தினார் என்றும் நீதிமன்ற அறையில் இருந்தவர்கள் சொன்னார்கள். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. ஜாமீன். அதே வாரம் மூன்றாம் ஜன்னலுக்கு, ஏழு நாளில் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையும் வந்தது. விளக்கத்தில் அவர் முத்திரையையோ மையையோ நகல் பிரிவையோ குறை சொல்லவில்லை. கண்காணிப்பாளர் பட்டியல் வெளியானபோது மூன்றாவது பெயர் வேறொருவருடையதாக இருந்தது.

மூத்த குமாஸ்தாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வந்து, கட்டை நீட்டிக்கொண்டே, "ஏன்க்கா, எங்க தப்பைக் கண்டுபிடிச்சாப் பத்தாதா? ஸ்டாக் தீர்ந்துபோச்சா?" என்றார்.

"ரெண்டு கண்ணாடி போட்டிருக்கீங்க. இருபத்திரண்டாம் பக்கம் தலைகீழா இருக்கு" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

புதன்கிழமை அந்தப் பெண் வந்தார். வக்கீல் வெளியூர் போயிருந்ததால், சிறைக்குக் கொண்டுபோக வேண்டிய உத்தரவு நகலை உறவினரிடமே கொடுக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். ஜாமீன் கிடைத்த சேதி ஏற்கெனவே எட்டியிருந்தது. நல்ல உடையொன்று உடுத்தி வந்திருந்தார். மற்ற வாரங்களில் கேட்கும் கேள்வியைக் கேட்க வாய் திறந்து, அது இன்றைக்குத் தேவையில்லை என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

அக்கா உறையை எடுத்தார். உடனே நீட்டவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. உங்க தம்பி பேப்பர் அந்தப் பெரிய பெஞ்சு கேஸுக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்ல. நான் மாத்தி வச்சுட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு அது முதலில் புரியவில்லை.

"அப்ப... இத்தனை மாசம்?"

"தேவையில்லாமப் போச்சு."

"நான் சொன்னேனே. பெரிய ஜட்ஜு வந்தாருன்னு."

"சொன்னீங்க."

வரிசையில் நான்கு பேர் இருந்தார்கள். அந்தப் பெண் உறையைப் பார்த்தார், ஜன்னல் கம்பியைப் பார்த்தார். தம்பியின் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது, நடக்கப் பழகிய இன்னொன்று இப்போது ஓடுவது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டார். திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

அக்கா பதிவேட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, போட வேண்டிய கோட்டுக்கு அடியில் விரலை வைத்தார். அந்தப் பெண் பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு உறையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

அடுத்து நின்றவர் கட்டை ஜன்னலுக்குள் நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. மை காய்ந்திருந்த அந்தக் கோட்டின் அடியில் அவருடைய விரல் இன்னும் இருந்தது.